படத்தில் சேராத சிரிப்பு

சாலிகிராமத்தில் அபயாம்பிகை குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் வாசலில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், டப்பிங் முடித்து வந்து காரிலிருந்து அவள் இறங்கியபோது செருப்பு மட்டும் தரையில் இறங்கியது, கால்கள் இறங்கவில்லை, தரைக்கு நான்கு விரற்கடை மேலே அவை அப்படியே நின்றுவிட்டன. அன்றைக்கு இருந்த அலுப்பில் ஆச்சரியப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை, குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காற்றின் மேலேயே நடந்துபோய் லிஃப்டுக்கு முன்னால் நின்றாள். வாட்ச்மேன் சாமுவேல் ஸ்டூலிலிருந்து எழுந்தார். அவர் முதலில் பார்த்தது அவள் காலை, பிறகு பார்த்தது முகத்தை. முகம் வழக்கம்போல் வாடிக் கிடந்ததால் காலைப் பற்றிக் கேட்பது மரியாதையில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

"லிஃப்ட் ரிப்பேர்மா. ஆளு நாளைக்குத்தான் வருவானாம்."

"அப்போ மாடி ஏறணுமா?"

"உங்களுக்கு என்னம்மா..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "பைய குடுங்க, நான் எடுத்தாரேன்," என்றார்.

மிதக்கிறவளுக்கு மாடிப்படி ஒரு பொருட்டா என்று நமக்குத் தோன்றும், சாமுவேலுக்கும் அப்படித்தான் தோன்றியது, ஆனால் காற்றிலும் படிக்குப் படி ஏறத்தான் வேண்டியிருந்தது, மூச்சு வாங்கத்தான் செய்தது. ஒரே ஒரு வித்தியாசம். கால் வலிக்கவில்லை. நாள் முழுக்க உழைத்த மனுஷிக்குக் களைப்பெல்லாம் காலுக்கு இறங்கி, காலிலிருந்து தரைக்குப் போய்விடும், ராத்திரி காலை நீட்டிப் படுத்தால் காலையில் ஆள் புதிதாகிவிடுவாள். இவள் களைப்புக்கு இறங்க வழியில்லாமல் போய்விட்டதால், அது முழங்காலோடு திரும்பி, இடுப்பிலும் தோளிலும் கழுத்திலும் ஏறி உட்கார்ந்து, கடைசியில் கண்ணில் வந்து குடியேறியது. அன்றிலிருந்து அவள் எவ்வளவு தூங்கினாலும் தூங்காதவள் மாதிரியே எழுந்தாள்.

பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. வாலிப வயதிலிருந்து நாற்பத்தொன்பது வயது வரைக்கும் கிணற்றில் விழுந்த பேய், தூக்கில் தொங்கிய பேய், பிரசவத்தில் போன பேய், தாலி கட்டும் முன்பே எரிந்த பேய் என்று பேயாக மட்டுமே நடித்துக்கொண்டிருந்தவளுக்கு இது இவ்வளவு தாமதமாக வந்ததே என்றுதான் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அவள் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, மாற்றல் மாற்றலாக ஊர் ஊராகப் போனவர். எந்த ஊரில் பிள்ளை பிறந்ததோ அந்த ஊர் அம்மன் பெயரை வைப்பது அவருடைய வழக்கம். நாகப்பட்டினத்தில் பிறந்த இளையவள் நீலாயதாட்சி. மாயவரத்தில் பிறந்த மூத்தவள் அபயாம்பிகை, வலது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டி 'பயப்படாதே, நான் இருக்கிறேன்' என்று சொல்கிறவள். இந்தப் பெயரோடு கோடம்பாக்கத்துக்கு வந்து, மெலிந்த முகமும் பெரிய கண்ணும் நீளக் கூந்தலுமாக ஒரு தயாரிப்பாளர் முன்னால் நின்றபோது, அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "பேய்க்கு இந்தப் பேரா? போஸ்டர்ல போட்டா ஜனங்க தேங்காய் உடைச்சு சூடம் காட்டிட்டுப் போயிடுவாங்கம்மா. டிக்கெட் எவன் எடுப்பான்?" என்று சொல்லி நிஷா என்று மாற்றினார். அன்று போன பெயர், வீட்டுக்குள் மட்டும் அபயம் என்று அரைப்பெயராக உயிர் வைத்துக்கொண்டிருந்தது.

கால் இப்படி ஆனதற்கு எது காரணம் என்று அவளுக்குத் தெரியும். சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவராக நடித்தவர் மாலையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் முன், கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட வேண்டும், ஓடும் கேமராவில் அதைப் பிடிப்பார்கள், படத்தில் சேர்க்க மாட்டார்கள், வெட்டித் தள்ளிவிடுவார்கள். சாவு நடிப்போடு போச்சு, ஆள் உயிரோடு வீட்டுக்குப் போகிறார் என்று எமனுக்குக் காட்டுகிற கணக்கு அது. அவளுடைய முதல் பேய்ப்படத்திலும் (பெயர் வேண்டாம், சொன்னால் இன்றைக்கு உங்கள் வீட்டில் யாரும் தனியாகப் பின்கட்டுக்குப் போகமாட்டார்கள்) அப்படித்தான் சிரிக்கச் சொன்னார்கள். விடிய விடியக் கிணற்றுத் தண்ணீரில் கிடந்து விறைத்துப்போயிருந்த பெண், வீட்டுக்குப் போகலாம், இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம் என்ற நிம்மதியில், மனசாரச் சிரித்தாள். போட்டுப் பார்த்த டைரக்டருக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. செத்தவள் ஒருத்தி வீட்டுக்குப் போகப்போகிற சந்தோஷத்தில் சிரித்தால் யாருக்குத்தான் சிலிர்க்காது?

"இதையே கடைசி ஷாட்டா வைங்கப்பா," என்று சொல்லிவிட்டார்.

படம் ஓடு ஓடென்று ஓடியது. அதன் பிறகு வந்த டைரக்டர்கள் எல்லோரும் அந்தச் சிரிப்பைக் கேட்டார்கள். அவள் கூச்சத்தோடு, "சார், அது வேற சிரிப்பு, இது வேற சிரிப்பு, தனியா ஒண்ணு எடுத்துடுங்க சார்," என்று கேட்டுப் பார்த்தாள். "ரெண்டும் சிரிப்புதானம்மா, எதுக்கு ஃபிலிம் வேஸ்ட்டு?" என்றார்கள். ஆக, ஒவ்வொரு படத்திலும் அவள் செத்தாள், ஒரு படத்திலிருந்தும் அவளை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

இனி, அந்தக் கட்டடம் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்ல வேண்டும். அசோசியேஷன் கூட்டம் போட்டார்கள். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற செயலாளர் ஜம்புநாதன், படிக்கட்டுத் தேய்மானத்துக்கு இவங்க பங்கைக் குறைக்கணுமா என்று கேட்டு, வேண்டாம் என்று அவரே பதிலும் சொல்லி, தேநீர் கொடுத்துக் கூட்டத்தை முடித்தார். மார்கழி வந்தபோது பெண்களுக்கு அவளைப் பிடித்துப்போனது, வாசலை அடைத்துப் போட்ட ஈரக்கோலத்தை மிதிக்காமல் கடந்து போகத் தெரிந்த ஒரே ஜீவன் அந்தக் கட்டடத்தில் அவள்தான். வீட்டு வேலைக்கு வரும் எலிசா, "நம்ம அம்மா வீட்ல தரை தொடைச்சா தொடைச்சபடியே இருக்கும்," என்று மற்ற வீடுகளில் போய்ப் பெருமையடித்தாள். வாசலுக்கு வரும் காய்க்காரர் மட்டும் கொஞ்ச நாள் அவள் காலைப் பார்த்துக்கொண்டே எடை போட்டார், அப்புறம் அவரும் பழையபடி அழுகல் தக்காளியைக் கலந்து போட ஆரம்பித்துவிட்டார், அதிலிருந்து எல்லோரும் பழகிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். டிவியில் அவள் படத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கத்தில் அலறி, காய்ச்சல் கண்டு, சோறு இறங்காமல் கிடக்கிற பிள்ளையைப் பயந்த கோளாறு என்று தர்காவுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஓதி ஓதி ஓய்ந்துபோன அசரத்து ஒருநாள், "அந்தம்மாவால வந்த பயம், அந்தம்மா கிட்டயே போகட்டும்," என்று இங்கே கைகாட்டிவிட்டார். அபயம் என்ன செய்வாள்? ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துப் பிள்ளையின் முகத்தில் பளிச்சென்று எறிந்து, அது திடுக்கிட்டு விழிக்கும்போது வலது கையைத் தூக்கி, "பயப்படாதே கண்ணு, என் பேரு அபயம்," என்பாள். காய்ச்சல் இறங்கிவிடும். பிள்ளை அவள் காலுக்கும் தரைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, பிஸ்கட் வாங்கிக்கொண்டு போகும். சனிக்கிழமை காலையில் அவள் வாசலில் செருப்பு குவிந்து கிடந்தது, அதில் அவளுடையது ஒன்றுகூட இல்லை.

இத்தனை பிள்ளைகளின் பயத்தைப் போக்கியவளுக்குப் பெற்ற பிள்ளையின் பயத்தைப் போக்க முடியவில்லை. அவளைத் தின்றுகொண்டிருந்தது அதுதான், காலல்ல.

மகள் வடிவு, திருவொற்றியூரில் பிறந்ததால் வடிவுடையாள். அவள் அப்பன், வெளியூர் ஷூட்டிங்குக்குப் போன லைட்மேன், போனவன் போனவன்தான், அவனைப் பற்றி இங்கே வேறு பேச்சில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஐந்து வயதில் ஒருநாள் ஷூட்டிங்குக்குக் கூட்டிப்போனாள். பாதி முகம் கருகிய மேக்கப்போடு, எல்லாம் முடிந்து, வீட்டுக்குப் போகலாம் என்ற அந்தச் சிரிப்போடு, கையை நீட்டிக்கொண்டு பிள்ளையிடம் ஓடினாள். வடிவு வீறிட்டாள். மேக்கப்பைக் கழுவிக்கொண்டு வந்த பிறகும் வீறிட்டாள், ஏனென்றால் மேக்கப் போய்விட்டது, சிரிப்பு அதே சிரிப்பாக இருந்தது. நாகப்பட்டினத்தில் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டபோது காய்ச்சல் இறங்கியது, அபயம் பார்க்கப் போனபோது ஏறியது, திரும்பி வந்தபோது இறங்கியது. அதற்கப்புறம் அவள் போகவில்லை. நீலாவும், படகு எஞ்சின் பழுது பார்க்கும் அவள் கணவர் சிதம்பரநாதனும்தான் வளர்த்தார்கள்.

ஆனால் குரலுக்குப் பயமில்லை. தாயும் மகளும் ஃபோனிலேயே வாழ்ந்தார்கள். பரீட்சை, சண்டை, முதல் சம்பளம், திருச்சியில் ஹாஸ்டல் சாம்பார், ஆபீஸில் வந்து நின்ற மாறன் என்கிற பையன், எல்லாவற்றையும் வடிவு அம்மாவிடம்தான் முதலில் சொன்னாள். வீடியோ மட்டும் போடுவதில்லை. அந்தச் சிரிப்பின் கதையையும் அபயம் அவளுக்குச் சொல்லியிருந்தாள்.

"இப்பவாச்சும் யாரையாவது தனியா ஒண்ணு எடுக்கச் சொல்லேன்மா."

"எடுத்தாச்சுடி. செயலாளர் எடுத்தாரு, யாருக்கும் காட்டமாட்டேன்னு சத்தியம் பண்ணி. சாயங்காலம் அவர் மருமக ஸ்டேட்டஸ்ல வெச்சுட்டா. மறுநாள் அது கீழ ஒரு பாட்டைப் போட்டு ஊர் முழுக்க சுத்துச்சு. அப்புறம் பழைய கேமராமேன் ஒருத்தர் எடுத்தாரு. பேட்டியில காட்டிட்டாரு. என் சிரிப்பைக் கையில வெச்சுக்கிட்டு சும்மா இருக்க ஒருத்தராலயும் முடியல."

"யாருக்கும் காட்டாம வெச்சுக்கிற ஒரு ஆள் போதுமில்ல?"

"அப்படி ஒரு ஆள் எங்கடி இருக்கு?" என்று சொல்லிவிட்டு அபயம் கொட்டாவி விட்டாள். அன்றிலிருந்து சிரிப்பதையே விட்டுவிட்டாள், எதற்கு வீணாக என்று.

கல்யாணம் மாறனோடு நிச்சயமாயிற்று. நாகப்பட்டினத்தில் மண்டபம். பெற்றவர்கள் தாம்பாளத்தில் நிற்க, பெண் அவர்கள் காலைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூப்போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மணவறைக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சித்தியும் சித்தப்பாவும் நிற்கட்டும், நான் பின்வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள் அபயம்.

"அவங்களுக்கும் பண்றேன். உனக்கும் பண்ணணும்."

"என் கால் தாம்பாளத்துல படாதுடி. சம்பந்தி வீட்ல என்ன சொல்றாங்க?"

"கால் படலேன்னா அது பாதபூஜையில கணக்கில்லையாம். அப்படின்னா நீ பக்கத்துல நிக்க வேணாம், அபசகுனம்னு அத்தை சொல்றாங்க. உன்கூட ஃபோட்டோ மட்டும் எடுத்துக்கணுமாம்."

"நீ என்னடி சொல்ற? உனக்கு என் மூஞ்சியப் பாத்தாலே..."

"நான் குனிஞ்சுதானம்மா இருப்பேன். காலைப் பாத்தா போதும்."

இதைக் கேட்ட பிறகு அபயத்துக்கு ஆசை வந்துவிட்டது. எதற்கும் ஆசைப்படத் தெம்பில்லாத அந்த வயதில், மகள் கை தன் காலில் படவேண்டும் என்று ஒரே ஒரு ஆசை வந்துவிட்டது. செய்தி கட்டடத்துக்குத் தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனையாக வந்து சேர்ந்தது. ஜம்புநாதன் மகன் உடற்பயிற்சிக்கு வைத்திருந்த மணல் பட்டைகளைக் கணுக்காலில் கட்டினார்கள். பட்டைகள் தொங்கின, கால் தொங்கவில்லை. இரும்புக் கொலுசு செய்து போட்டார்கள். கல்லுப்பு மூட்டையை இடுப்பில் கட்டி, நாள் பூராவும் அதைச் சுமந்து நடந்து பார்த்தாள், களைப்பில் இன்னொரு மூட்டை சேர்ந்ததுதான் மிச்சம். எலிசா, "பேசாம பெரிய கரை வெச்ச சேலையா இறக்கிக் கட்டிக்கங்கம்மா, எவ குனிஞ்சு பாக்கப்போறா?" என்றாள். அதுதான் எல்லாவற்றிலும் நல்ல யோசனையாகப் பட்டது, ஆனால் காலைக் கழுவ வருகிறவளிடம் காலை எப்படி மறைப்பது?

முகூர்த்த நாள் காலையில், மண்டபத்தில் இட்லியும் பொங்கலும் நடந்துகொண்டிருந்தபோது, நாகஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தபோது, அபயம் அரக்குச் சேலையில் வந்தாள். ஜனங்கள் காலைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்கள். நீலா ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எளச்சுப் போயிட்டியேக்கா," என்றாள், வேறெதுவும் கேட்கவில்லை.

முதலில் நீலாவும் சிதம்பரநாதனும் தாம்பாளத்தில் நின்றார்கள். எஞ்சின் கிரீஸ் போகாத சித்தப்பாவின் கால் விரல்களை வடிவு ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினாள், அவர் அழுதுவிட்டார். அடுத்து அபயம். தாம்பாளத்தின் மேல் வந்து நின்றாள், நான்கு விரற்கடை மேலே. வடிவு தலை குனிந்தபடியே இரண்டு பாதத்திலும் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் பாதத்தை நனைத்து, விரல் நுனியிலிருந்து சொட்டி, கீழே வெண்கலத்தில் டப்டப்பென்று விழுந்த சத்தம் மண்டபத்தின் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது.

"தண்ணி பட்டுருச்சில்ல, போதும் விடுங்க," என்றார் சிதம்பரநாதன்.

"கால் படலையே," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. கெட்ட மனசோடு சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னாள்.

"விடுடி வடிவு, எழுந்திரு, முகூர்த்தத்துக்கு நேரமாகுது," என்றாள் அபயம். எத்தனையோ தடவை செத்த குரல்தான் அது, ஆனால் இந்தத் தடவைதான் நிஜமாகவே அதில் ஜீவனில்லை.

வடிவு எழுந்திருக்கவில்லை. சொம்பைக் கீழே வைத்தாள். பக்கத்தில் மண்டியிட்டு, லைட்டும் கேமராவுமாக நெருங்கியிருந்த வீடியோக்காரரிடம் திரும்பி, "அண்ணே, கேமராவ இறக்குங்க," என்றாள்.

"இது முக்கியமான ஷாட்டும்மா."

"தெரியும்ணே. அதனாலதான்."

அவர் இறக்கினார். பிறகு அவள் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். தூக்கிப் பிடித்திருந்த ஃபோன்கள் ஒவ்வொன்றாக இறங்கின, மாப்பிள்ளையின் அம்மாவுடையது கடைசியாக இறங்கியது. எல்லாம் இறங்கிய பிறகு வடிவு தலையை நிமிர்த்தி, ஐந்து வயதுக்கு அப்புறம் முதல் தடவையாக, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"சிரிம்மா."

"எனக்கு அந்த ஒரு சிரிப்புதாண்டி தெரியும்."

"அதையே சிரி. நான் பாத்து வெச்சுக்கிறேன். யாருக்கும் காட்டமாட்டேன்."

அபயத்தின் உதடு, பழகிய வழியிலேயே, மெதுவாக விரிந்தது. பார்த்தவர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பந்தியிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு பிள்ளை அழுதது. வடிவின் கழுத்தில் மயிர்க்கால் குத்திட்டு நின்றது, தாம்பாளத்தின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவள் கண்ணை மூடவில்லை.

"பயமா இருக்காடி?"

"இருக்கும்மா. நீ சிரி."

அபயத்தின் வலது கை தானாகவே உயர்ந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தாள், 'பயப்படாதே' என்று வரவில்லை, பயந்துகொண்டே பார்க்கிற பிள்ளையிடம் பயப்படாதே என்று எந்த வாயால் சொல்வது? கையை மட்டும் கொண்டுபோய் அவள் தலையில் வைத்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று முதன்முதலில் விடியற்காலையில் சிரித்த அந்தப் பெண்ணை, போ என்று சொல்ல அன்றைக்கு ஒருத்தரும் இல்லை, இன்றைக்கு ஒருத்தி மண்டியிட்டு இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் இடது குதிகால் தாம்பாளத்தில் பட்டது. சில்லென்று இருந்தது. பிறகு வலது. தாம்பாளத்துத் தண்ணீர் விளிம்பு தாண்டி வழிந்து வடிவின் பட்டுப்புடவையை நனைத்தது. மாப்பிள்ளையின் அம்மா, "ஆங், பட்டுருச்சு," என்று சொல்லிவிட்டுக் மேளக்காரருக்குக் கைகாட்டப் போனாள். பந்தியில் இரண்டாம் பொங்கல் கேட்டார்கள். வடிவு மஞ்சளைக் குழைத்து, பித்த வெடிப்பு விழுந்த அந்தப் பாதங்களில் விரல் விரலாகப் பூசினாள்.

அபயத்தின் கண்ணிலிருந்தும் கழுத்திலிருந்தும் தோளிலிருந்தும், அத்தனை வருஷத்துக் களைப்பும் வழி கிடைத்துவிட்ட தண்ணீர் போல இடுப்புக்கு இறங்கி, முழங்காலுக்கு இறங்கி, பாதத்தில் வந்து சேர்ந்தது. அவள் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீலா," என்றாள், "யார்கிட்டயாவது சொல்லி ஒரு நாற்காலி போடச் சொல்லு. கால் வலிக்குதுடி."